வடலூரில் செக், சேத்தியாத்தோப்பில் கசாக்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் இரண்டு வெளிநாட்டு மொழிகளைப் பார்த்துவிட்டு வந்தோம். பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. நெய்வேலியிலிருந்து வடலூர், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, அவ்வளவுதான்.

காரணம் அப்பா. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் வேலை அவருக்கு. அதே வேலைக்கு ஒரே சமயத்தில் செக் குடியரசிலிருந்தும் கசாக்ஸ்தானிலிருந்தும் மூன்று வருட கான்ட்ராக்ட் வந்திருந்தது. குடும்பத்தோடு போகலாம், சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். “உங்கம்மா எந்த ஊர்ல வாயத் திறந்து பேசுவாளோ, அந்த ஊருக்குப் போவோம்” என்று சொல்லிவிட்டார் அப்பா. முன்பு அப்பாவின் வேலைக்காக ராஜஸ்தானில் இரண்டு வருடம் இருந்தபோது, இந்தி தெரியாததால் அம்மா எங்களைத் தவிர யாரிடமும் பேசவில்லை. காய் வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவார்.

ஆகவே மொழிகளை ஒப்பிட்டு மார்க் போடும் பொறுப்பு பத்தாம் வகுப்பு படிக்கும் எனக்கு வந்தது. ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: செக் ஜெயிக்க வேண்டும் என்பதே என் ஆசை. கோட்டைகள், டிராம் வண்டிகள், மணிக்கூண்டுகள் என்று போனில் படம் படமாகப் பார்த்து வைத்திருந்தேன்.

டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். 8.40-க்கு வடலூர் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

வடலூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குமரவேல் மாமா அப்பாவோடு வேலை பார்த்தவர். இரண்டு வருடம் செக்கில் இருந்துவிட்டு வந்தவர்.

“கழுத்துக்கு என்ன மாமா?”

“க்ர்க்.”

“விரலுக்கு?”

“ப்ர்ஸ்ட்.”

எழுதிப் பார்த்தேன். எல்லா எழுத்தின் தலையிலும் புள்ளி! உயிரெழுத்தே இல்லாமல் ஒரு சொல் நிற்கிறது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அம்மாவோ, “தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு” என்றார். வீடு என்பதற்கு ‘டூம்’. ‘வீட்டில்’ என்றால் முன்னால் ஒரு ‘வ்’ வருகிறது, வீடும் உருமாறி ‘வ் டொம்யே’ ஆகிவிடுகிறது. கஷ்டம்தான், ஆனால் அழகான கஷ்டம்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. “காய் வாங்கறப்ப விலையைக் குறைச்சுக் கேக்கணும்னா என்ன சொல்லணும் தம்பி?”

“அதுக்கெல்லாம் வேலையே இல்லக்கா. கடையில சாமானை எடுத்து பெல்ட் மேல வைக்கணும், அதுவா நகரும். ‘டோப்ரீ டென்’னு வணக்கம் சொல்லணும், காசு கொடுக்கணும், ‘தியெகுயி’ன்னு நன்றி சொல்லணும், முடிஞ்சது. பேச்சே தேவையில்ல. ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.”

“அங்கேயும் கன்வேயர்தானா?” என்றார் அம்மா. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்து சேத்தியாத்தோப்பு பஸ். ஆளுக்கு இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். அப்பாவின் நண்பர் மகள் தமிழரசி அக்கா கசாக்ஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறார்; விடுமுறைக்கு வந்திருந்தார். வீட்டுக்குக் காய் வாங்க வேண்டும் என்று நேராகச் சந்தைக்கே எங்களை அழைத்துப் போனார்.

“வீடு ‘ஊய்’. வீடுகள் ‘ஊய்லெர்’. வீடுகளில் ‘ஊய்லெர்தே’. நம்மளப் போலவே ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்துக்கினே போவாங்க” என்றார் அக்கா. கூட்ஸ் வண்டியில் பெட்டி மாட்டுவது போல! வினைச்சொல்கூட நம்முடையதைப் போலக் கடைசியில்தான் வருமாம். “ஆனா டவுன்ல ரஷ்யனும் பேசுவாங்க அத்தை. குளிரு மைனஸ் முப்பதுக்குப் போவும். பொய் சொல்லிக் கூட்டிக்கினு போவக் கூடாதில்ல?”

அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

“அதுக்குத்தான அங்க சந்தையே இருக்கு! ‘கன்ஷா துரடி’ன்னா எவ்வளவு. ‘கிம்பத்’னா விலை அதிகம்.”

அம்மா கத்திரிக்காய்க் கடைக்கார அக்காவிடம் திரும்பி, சின்னக் குரலில், “கன்ஷா துரடி?” என்றார்.

“இன்னாது?”

“எவ்ளோன்னு கேக்குறாங்க” என்றார் தமிழரசி அக்கா.

“கிலோ நாப்பது.”

அம்மா இடுப்பில் கை வைத்தார். “கிம்பத்!”

“யம்மா, திட்டுறியா?”

“விலை அதிகமாம்.”

“தமிழ்ல சொன்னாலே குறைக்க மாட்டேன், இதுல சொன்னா குறைச்சிருவேனா?”

“கிம்பத்! கிம்பத்!” என்றார் அம்மா, இந்த முறை பக்கத்துக் கடைகளும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. கடைக்கார அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்துக்குக் கொடுத்து, கொசுறாக ஒரு பிடி பச்சை மிளகாயும் போட்டார்.

“கொசுறுக்கு அந்தப் பாஷையில என்ன?” என்று கேட்டார் அம்மா.

“தெரியல அத்தை. நீங்களே வந்து கேட்டுச் சொல்லுங்க!”

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தபோது அம்மா, “ரஹ்மெத்” என்றார். அக்கா சொல்லிக்கொடுத்த நன்றி.

“இது எந்த ஊரு பாஷைங்க?”

“நாங்க போகப்போற ஊரு பாஷை.”

நான் அம்மாவைப் பார்த்தேன். என் கோட்டைகளும் டிராம்களும் ஜன்னல் வழியே பின்னால் போய்க்கொண்டிருந்தன. வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து “பிர், எகி, உஷ், தோர்த், பெஸ்” என்று சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். ராஜஸ்தானின் இரண்டு வருடங்களில் அம்மாவின் குரலை வீட்டுக்கு வெளியே நான் கேட்டதே இல்லை. வடலூர் வருவதற்குள் நானும் சேர்ந்து எண்ணத் தொடங்கியிருந்தேன்.

இதுபோல மொழி பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் சந்தையில் நல்ல கத்திரிக்காய் இருக்காது. பசித்தால் வடலூர் தருமசாலையில் யாருக்கும் இலவசச் சாப்பாடு உண்டு. தண்ணீரும் குடையும் அவசியம். மார்க் போடப் பேப்பர் எடுத்துப் போகலாம்; என்னுடையதில் செக்தான் இரண்டு மார்க் முன்னால் இருக்கிறது, இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே போய்ப் பேச வேண்டியவர் யாரோ, அவரையும் கூட்டிப் போங்கள். கேள்வி கேட்க அவருக்குத்தான் தெரியும்.