காலண்டர் முருகனும் தகரப் பெட்டியும்

எண்பத்தாறாம் வருடக் கோடையில் நடந்தது இது. பிளஸ் டூ முடித்த கையோடு பாலக்கோட்டில் ஒரு பம்புசெட் கடையில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மோட்டார் வாங்கியவர்களின் அட்டைகள் இருந்த தகரப் பெட்டியை முதலாளி என்னிடம் ஒப்படைத்தபோது தலைகால் புரியவில்லை. ஊர்வாரியாகப் பிரித்து, பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். வேறு கடை மோட்டாருக்கும் எங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள் என்பதால், அட்டை இருந்தால்தான் அவர் போவார் என்பது விதி.

ஒருநாள் காலை பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மோட்டார் நின்றுவிட்டதாம். தக்காளி பூவும் பிஞ்சுமாக வாடுகிறது, இன்று தண்ணீர் பாயாவிட்டால் தோட்டமே போய்விடும் என்றார்.

"வூட்டுக்காரர் பேரு என்னங்க?"

அவர் சுவரில் தொங்கிய காலண்டர் முருகனைக் காட்டினார். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாராம். பெட்டியில் பாதிப் பேர் முருகன்தான்! வேலு, கந்தன், சுப்பிரமணி என்று படித்துக்கொண்டே போனேன். ஆறுமுகம் என்றதும் தலையாட்டினார். அந்த ஊரில் இரண்டு ஆறுமுகம்.

"மாமனார் பேரு?"

"நல்லாருக்கே! அவரு பேரை மட்டும் சொல்லிப்புடுவனா?"

பெஞ்சில் இருந்த விவசாயி ஒருவர், "அப்படியே கொழுந்தனாரு பேரையும் கேட்டுடு தம்பி" என்று சிரித்தார்.

எத்தனை எச்பி என்று கேட்டேன். அஞ்சு என்றார். இரண்டு ஆறுமுகத்துக்கும் மூன்று எச்பிதான் எழுதியிருந்தது. அட்டை தப்பாக இருக்காது. அந்த அம்மாவைப் பார்த்தாலும் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை.

"எங்க கடையில வாங்கினதுதானாங்க?"

"நானே வந்து வாங்கனன் தம்பி. இதே பெஞ்சுல உக்காந்து சோடா குடிச்சன்."

இரண்டு அட்டையையும் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். முதலாளியும் ஊரில் இல்லை. வாசலில் பையோடு நின்ற மெக்கானிக், "பஸ்ஸு போயிரும்பா, போறதா வேணாமா?" என்று அவசரப்படுத்தினார். முதலாளியிடம் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்வோம் என்று மெக்கானிக்கை அனுப்பும் சீட்டை எழுத உட்கார்ந்தேன். அதில் ஏதாவது ஒரு பெயர் போட்டாக வேண்டுமே.

"உங்க பேரையே எழுதிக்கறேன், சொல்லுங்க."

சொன்னார். பாதி எழுதும்போதே கை நின்றுவிட்டது. அந்தப் பெயரை நானே அடுக்கியிருந்தேன். அட்டையை எடுத்தேன். அதே ஊர், அஞ்சு எச்பி. தோட்டம் அவருக்குத் தாய் வீட்டில் கொடுத்ததாம். அதனால் ரசீதும் அவர் பேரில்தான் போட்டிருக்கிறது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீ எங்க சாமி கேட்ட? அவரு பேரைத்தான் கேட்டுக்கிட்டே இருந்த."

அந்த அம்மாவும் மெக்கானிக்கும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். சாயங்காலம் திரும்பிய மெக்கானிக், "தண்ணி பாயுதுப்பா" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு கடைக்கு யார் வந்து நின்றாலும் முதலில் அவர் பெயரைத்தான் கேட்பேன். என் அம்மாவின் பெயரை எந்தக் கடையிலாவது யாராவது கேட்டிருப்பார்களா என்ற நினைப்பு மட்டும், அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வந்துவிடும்.