கருவாட்டு டப்பாவில் ஒரு பாஸ்போர்ட்

எனக்கு ஏழு வயதானபோது என் பாஸ்போர்ட்டைத் திருடியவள் என் சொந்த அத்தை. அந்தப் புண்ணியவதி நூறு வருஷம் நன்றாயிருக்கட்டும்.

விவாகரத்துக்குப் பின் நான் யாரிடம் வளர்வது என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சிங்கப்பூரில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. "ரெண்டு வாரம் லீவு, அத்தையைப் பார்த்துட்டு வரலாம்" என்று அப்பா என்னைக் காசிமேட்டுக்கு அழைத்து வந்தார். இரண்டு வாரம் மூன்று மாதமானது. அம்மாவிடம் சொல்லாமல் வந்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாது. கேட்டால், "அம்மாவுக்கு வேலை" என்பார். நான் அழுது அழுது ஓய்ந்துபோவேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மீன் விற்று அவரைப் படிக்கவைத்தவள். துபாய்க்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டதாக அப்பா சொன்ன அன்றுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உங்கம்மா போன் நம்பரு தெரியுமா?"

வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். அந்த நம்பருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் "அம்மா" என்றதும் அந்தப் பக்கம் கேட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தை போனை வாங்கி, "அழாத தாயி, கெளம்பி வா. புள்ள இங்கதான் கீது, எங்கியும் போவாது" என்றாள்.

மறுநாள் என் பாஸ்போர்ட்டைக் காணோம். பீரோ, பரண், அரிசி டிரம் என்று அப்பா வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். அத்தையும் கூடவே தேடினாளே, அடேயப்பா, என்ன நடிப்பு! கருவாட்டு டப்பாவை மட்டும் அப்பா தொடவில்லை. கருவாட்டிலேயே வளர்ந்த மனிதருக்கு வெளிநாடு போய் வந்தபின் அந்த வாடையே ஆகாது. துபாய் விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது.

அம்மா வந்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாள். நீதிபதி என்னிடம் தனியாகப் பேசிவிட்டு, அம்மாவுடன் அனுப்பச் சொன்னார். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதும் அத்தை அதை எடுத்து நீட்டினாள். வாங்கிய ஊழியர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மூக்கைச் சுளித்தார்.

"கருவாட்டு டப்பாவுல வெச்சிருந்தேங்கய்யா. எந்தம்பி அந்த டப்பாவ மட்டும்தான் தொறக்க மாட்டான்."

நீதிபதியே சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தார்.

"டேய், தாயையும் புள்ளையையும் பிரிச்சா வெளங்குவியாடா?" என்று அத்தை பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பவில்லை.

பெரியவர்கள் சண்டையும் எங்கள் பள்ளிக்கூடச் சண்டை மாதிரிதான், இரண்டு நாள் காய் விட்டுவிட்டு மூன்றாம் நாள் பழம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மா கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டே போனேன். அத்தைக்கு டாட்டா காட்டக்கூட மறந்துவிட்டேன்.

போன வருடம் அத்தை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர் அப்பா. பத்திரிகை அனுப்பியும் வரவில்லை. சீர்த்தட்டை நானே தூக்கிக்கொண்டு போய் நின்றேன். "வந்தியா கண்ணு" என்று வாங்கிக்கொண்ட அத்தை, என் தோளைத் தாண்டி மண்டப வாசலைப் பார்த்தாள். தாலி கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அம்மா கிடைத்த அன்றைக்கே அவளுக்குத் தம்பி இல்லாமல் போய்விட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.