பூட்டாத கேட்டுக்குக் கொடுத்த நம்பர்

விழுப்புரம்–காட்பாடி லைனில், திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கேட்டில் நான் கேட்மேனாகச் சேர்ந்தபோது ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. அது ஸ்டேஷனிலிருந்து கிளம்பி என் கேட்டுக்கு வருவதற்குள் டீ குடித்து, கிளாஸையும் கழுவி வைத்துவிடலாம். அவ்வளவு சாவகாசம்.

ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்ததும் கேட்டை மூடிப் பூட்ட வேண்டும். பிறகுதான், பூட்டியாயிற்று என்பதற்கு அத்தாட்சியாக ஒரு பிரைவேட் நம்பரை அவரிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் வண்டியை அனுப்புவார். நான் என்ன செய்வேன்? முதலில் நம்பர். அப்புறம், ரோட்டில் காத்திருக்கும் நாலு வண்டிகளைக் கடக்க விட்டுவிட்டுக் கேட்டை மூடுவேன். அதனால் ஊரில் எனக்கு ரொம்ப நல்ல பெயர்.

பிராட் கேஜ் வந்தது. வண்டியின் வேகம் மாறிற்று, என் புத்தி மாறவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். வழக்கம்போல் நம்பரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடி அண்ணாமலை கிராமத்து ராஜகுமாரியம்மா டிராக்டர் டிரெய்லரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார். டிராக்டரை ஓட்டியது அவர் வீட்டுக்காரர்.

"அண்ணே, எங்க வண்டி ஒண்ணுதாண்ணே, வுட்டுடு!"

விட்டேன். நட்டநடு லைனில், டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இரும்புப் பின் உடைந்தது. டிராக்டர் மட்டும் அந்தப் பக்கம் போயிற்று. டிரெய்லர் தண்டவாளத்தின் மேல் நின்றது.

போனுக்கு ஓடினேன். "சார், வண்டிய அனுப்பாதீங்க! லைன்ல டிரெய்லர் மாட்டிக்கிச்சு!"

"இன்னாய்யா சொல்றே? நீதானே நம்பர் குடுத்தே? வண்டி கிளம்பிடுச்சு!"

சிவப்புக் கொடியையும், தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடிக்கும் டெட்டனேட்டர்களையும் எடுத்துக்கொண்டு வண்டி வரும் பக்கம் ஓடினேன்.

"எறங்கும்மா! மூட்டை போனா போவுது!"

"வருசம் பூரா பாடுபட்டதுண்ணே!" என்று அவர் மூட்டைகளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். அடப்பாவி, நான் செய்த வேலைக்கு இந்தம்மா சாக வேண்டுமா?

டெட்டனேட்டர்களை மாட்டிவிட்டுக் கொடியை ஆட்டினேன். எஞ்சின் வந்தது. பட், பட், பட். பிரேக் கிறீச்சிட்டது. என்னைத் தாண்டிப் போய், டிரெய்லருக்கு ஒரு பஸ் நீளம் முன்னால் வண்டி நின்றது. அப்பாடா! ஜல்லி மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

'பூட்டாமலே நம்பர் கொடுத்தேன்' என்று உள்ளதை எழுதிக் கொடுத்தேன். சஸ்பென்ஷன், விசாரணை, தண்டனை எல்லாம் வந்தன. வரட்டும் என்றுதான் இருந்தது. ஓர் உயிரும் போகவில்லை, அது போதும்.

மறுபடி டியூட்டிக்கு வந்த பிறகு எனக்கு ஒரே வரிசைதான்: பூட்டு, சாவி கையில், அப்புறம் போன். இப்போது பல கேட்டுகளில் பூட்டாமல் சிக்னலே விழாது. இருந்தாலும் இளைய கேட்மேன்களுக்குச் சொல்கிறேன், கேட்டில் நின்றுகொண்டு நல்ல பெயர் வாங்க ஆசைப்படாதீர்கள்.

எனக்கு அந்தப் பெயர் அன்றோடு போயிற்று. டியூட்டிக்குத் திரும்பிய அடுத்த வாரமே மூடிய கேட்டுக்கு வெளியே ராஜகுமாரியம்மா கத்தினார்: "அன்னிக்கு மூட வேண்டிய நேரத்துல மூடல. இன்னிக்கு வண்டியையே காணோம், அதுக்குள்ள மூடிட்டே. நல்ல ஆளுண்ணே நீ!"

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தேன். திட்டட்டும். திட்ட அவர் இருக்கிறாரே!