பங்கு வைத்த மாத்திரை

என் கணவரின் இதயம் பாதிப் பலத்தில்தான் ஓடுகிறது என்று ராமநாதபுரத்து டாக்டர் சொன்னபோதுகூட நான் அவ்வளவாக அதிரவில்லை. தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டால் பல வருஷம் ஓட்டலாம் என்று அவரே சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் பில்லை நீட்டியபோதுதான் அதிர்ந்தேன். காப்பீட்டு அட்டை இவருக்கு நடந்த ஆபரேஷனுக்குச் செல்லுபடியானது, இந்த மாத்திரைக்குச் செல்லாதாம். அரசு ஆஸ்பத்திரியிலும் இது வருவதில்லை.

“வேற கம்பெனில இல்லையா தம்பி?”

“இத அவுக மட்டுந்தான் போடுறாகக்கா. வெலையும் அவுக வச்சதுதான்.”

அன்றைக்கே என் காதில் கிடந்தது அடகுக்குப் போனது.

அப்படி வாங்கியும் அவருக்குக் கால் வீங்கியது. கோயில் படியேறினாலே மூச்சு வாங்கியது. “மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா?” என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினமும் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். கரையில் டீ குடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். கடலுக்குப் போவது நின்ற பிறகு, கரையில் கிழிந்த வலையைச் சரிபார்க்கிற வேலைதான் அவருக்கு.

ஒருநாள் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுக்கலாம் என்று கரைக்குப் போனேன். எங்கள் நாட்டுப்படகின் நிழலில் அவரும் அவருடைய கூட்டாளியும் உட்கார்ந்திருந்தார்கள். இளவயதிலிருந்து ஒரே படகில் போனவர்கள். கூட்டாளிக்கும் போன வருஷம் நெஞ்சுவலி வந்திருந்தது. என் கணவர் பலகையில் மாத்திரையை வைத்து, வலை அறுக்கிற கத்தியால் இரண்டாக வெட்டினார். ஆளுக்கொரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்கள்.

“என்ன செய்றீக?”

“அவனுக்கும் இதத்தான் எழுதியிருக்காக, புள்ள. வாங்க முடியல அவனால.”

மீனைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் படகில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், அவருடைய பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இவர் ஆபரேஷன் முடிந்து கிடந்த நாளெல்லாம் அந்த மனுஷன் கொண்டுவந்த பங்கில்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம். நான் எந்த வாயால் திட்டுவது?

டாக்டரிடம் ஓடினேன். “பாதி அளவு ரெண்டு பேருக்குமே பத்தாதும்மா,” என்றார். அப்படியானால் யாராவது ஒருவருக்குத்தான். அதை யார் முடிவு செய்வது என்று அவர் சொல்லவில்லை.

அந்த வாரம் டிவியில், கட்சிகளுக்கு நன்கொடை கொடுத்த கம்பெனிகளின் பெயர்களைக் காட்டினார்கள். எங்கள் மாத்திரை அட்டையில் இருக்கிற பெயரும் வந்தது. ஆளுகிற கட்சி, எதிர்க்கட்சி, எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். எழுந்துபோய் அட்டையை எடுத்துவந்து பெயரை மறுபடி பார்த்தேன். அதேதான். மருந்து விலையைத் தட்டிக் கேட்டுப்புடுவோம் என்று எங்கள் தெருவில் ஓட்டுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனவரின் கட்சியும் அதில் இருந்தது.

“நம்ம காசுல அவுகளுக்கும் பங்கு போயிருக்கு, பாத்தியா,” என்றார் இவர். அதற்குக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை.

டாக்டர் சொன்னது கூட்டாளியின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அவர் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள்.

“இனி வேணாம்னுட்டாகக்கா. இது நேத்துக் குடுத்தது. போடாம வச்சிருந்தாக.”

உள்ளே பாதி மாத்திரை. வேண்டாம், வைத்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

இப்போது இவர் முழு மாத்திரை போடுகிறார். விழுங்குகிறவரை நான் எதிரில் நிற்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. கூட்டாளி படுத்துவிட்டார். படகில் போகிறவர்கள் அவருடைய மீன் பங்கைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். அதை நான்தான் கொண்டுபோகிறேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.