ஒன்பதில் நின்ற ஆழம்

படகுகளுக்கு ஒயரிங் செய்யும் அந்தப் பெண்ணைத் துறைமுகத்தில் எல்லோரும் ‘பிளக் அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். வீட்டு முன்னறையில் பாதியைக் கேபிள் சுருள்கள் பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் செருப்பைத் தேட வேண்டுமென்றால்கூட முதலில் கேபிளைத்தான் நகர்த்த வேண்டும். எஞ்சின் அறைக்குள் தலைகீழாகத் தொங்கி வேலை செய்கிறவள், எதற்கும் அஞ்சமாட்டாள் என்று பேர். உண்மையில், தான் கைவைத்த படகு கரை திரும்பும்வரை அவளுக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

அவள் கொழுந்தன் ஓட்டும் மீன்பிடிப் படகுக்கு, அதன் முதலாளி கடலின் ஆழத்தைக் காட்டும் திரை ஒன்றைப் புதிதாக வாங்கினார். படகின் அடியில் ஆழம் அளக்கும் கருவியோ பழையது, வேறு கம்பெனி. அதன் பிளக் தடிமன். திரையின் பின்னால் இருந்த துளையோ விரல்நுனி அளவு.

“இது ரெண்டையும் சேர்க்க மாத்துக் கேபிள்னு ஒண்ணு இருக்கு சார். திரைக்காரங்க மட்டும்தான் விக்கிறாங்க,” என்றாள். விலையையும் சொன்னாள்.

“என்னம்மா, திரை விலையில பாதி சொல்றே? ஒரு முழம் ஒயரு, அதுல தங்கமா ஓடுது? ரெண்டையும் வெட்டி ஒட்டிடு.”

“உப்புக்காத்துக்கு ஒட்டு தாங்காது சார்.”

“உன்னால முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அவள் கத்தரியை எடுத்தாள். இரண்டு பிளக்கையும் வெட்டினாள். நிறம் பார்த்து ஒயர்களை இணைத்து ஈயம் வைத்தாள். மேலே ரப்பர் உறை போட்டுச் சூடுகாட்டி இறுக்கினாள். திரையில் ஆழம் ஒழுங்காக வந்தது.

“ஜம்முனு வேலை செய்யுது அண்ணி!” என்றான் கொழுந்தன். அவளுக்கோ அந்த ஒட்டின்மேல் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை வெள்ளோட்டத்துக்கு, “நானும் வர்றேன்,” என்று ஏறிக்கொண்டாள். முதலாளியும் வந்தார்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும் வழியில் மூடுபனி இறங்கியது. முன்னால் நின்ற முதலாளியின் முதுகே மங்கலாகத்தான் தெரிந்தது. கரைக்கு வெளியே பாறைத்திட்டு ஒன்று உண்டு. கொழுந்தன் வேகத்தைக் குறைத்துத் திரையையே பார்த்து ஓட்டினான். ஆழம் ஒன்பது மீட்டர்.

அவளும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது. ஒன்பது. கடலின் தரை சிமெண்டு போட்டதா என்ன, இப்படி அசையாமல் நிற்க? படகு அலையில் ஏறி இறங்கியது. எண் மட்டும் இறங்கவில்லை. எங்கோ முன்னால் தண்ணீர் மோதிச் சிதறும் சத்தம்.

“நிறுத்துடா! அது பழைய நம்பர்! திரை செத்துக் கிடக்கு!”

“என்ன சொல்றீங்க அண்ணி?”

“நிறுத்துன்னு சொல்றேன்ல!”

அவன் எஞ்சின் கியரைப் பின்னுக்கு இழுத்தான். படகு குலுங்கி நின்றது. அவள் கயிற்றில் இரும்புத்துண்டைக் கட்டிக் கடலில் விட்டாள். விட்ட வேகத்தில் ‘டொக்’கென்று தரையில் தட்டியது. ஆழம் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை.

நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். முதலாளி படகின் ஓரக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. தண்ணீர் மோதும் அந்தச் சத்தம் நெருங்குகிறதா, விலகுகிறதா என்று அவளால் கணிக்க முடியவில்லை. பிள்ளைகளை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், அதுதான் முடியவில்லை. பனி விலகியதும் எதிரே கறுப்பாகப் பாறை முதுகு தெரிந்தது, கல்லெறி தூரத்தில்.

“இன்னும் கொஞ்சம் போயிருந்தா பாறைக்கே முத்தம் குடுத்திருப்போம்,” என்று கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். குரல் உடைந்தது.

கரைக்கு வந்து ரப்பர் உறையைக் கிழித்தாள். ஓர் ஓரத்தில் உறை சரியாக இறுகவில்லை. உப்புத்தண்ணீர் புகுந்து ஒயர் நனைந்து கிடந்தது.

முதலாளி முணுமுணுக்காமல் மாத்துக் கேபிள் வாங்கினார். அவள் அதன்பிறகு எந்தப் படகிலும் வெட்டி ஒட்டவில்லை. கெஞ்சியவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனவர்களும் உண்டு. போனவர்களின் படகு கடலுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டால், அவள் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள். அது துறைமுக வாயைத் தாண்டி மறையும்வரை நின்று பார்ப்பாள்.