சிவப்புத் துணி கட்டிய ஏணி

செத்துப்போன அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தன் அழும்போது, அதைப் படம் பிடிக்க எவனுக்காவது கை வருமா? வெல்டரின் மச்சினனுக்கு வந்தது. அந்தக் கோபம் வருஷக்கணக்காக வெல்டரின் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டு அது. யாரும் வரமாட்டார்கள் என்றுதான் வெல்டர் அங்கே போய் உட்கார்ந்தார். மச்சினன் வந்திருக்கிறான். சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போயிருக்கிறான். அவன் சேர்ந்திருந்த படக்குழுவின் போட்டிக்கு அந்த வாரத் தலைப்பு 'பாரம்'. முதல் பரிசு கிடைத்து, பெரிதாக அச்சடித்து நூலகத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். கேட்டுக்குக் கீல் வைக்க வந்தவனெல்லாம், "அண்ணே, நீங்களா அது? உங்களுக்கு அழக்கூடத் தெரியுமா?" என்று கேட்டான்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, எதிரெதிரே தட்டு. ஆனாலும், "உன் தம்பியை அந்த ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்று பெண்டாட்டியிடம்தான் சொல்வார். அவன் எழுந்து குறைப்பான். அவளுக்கு நடுவில் நின்று வாய் வலித்தது.

மச்சினனுக்கு வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. அந்தப் படக்குழுவிலிருந்து ஞாயிறு காலை போனுக்கு ஒரு தலைப்பு வரும். கதவு, ஈரம், காத்திருப்பு என்று ஏதாவது. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அதற்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். பழைய படம் செல்லாது. பயல் மீட்டருக்குக் குனிவான், தலைப்புக்கு நிமிர்வான். 'கடைசி' என்று வந்த வாரம் லீவு போட்டு, கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, அது கடைசியாக நிற்கிற ஊர் வரைக்கும் போனான். திரும்பி வர வண்டியில்லாமல் ஒரு கடை பெஞ்சில் படுத்துக் கிடந்தான். கல்யாணப் பேச்சு பேச அக்காள் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போன வாரம், தலைப்பு 'ஜன்னல்'.

"பொண்ணு எப்படிடா இருக்கா?" என்று வெளியே வந்ததும் அக்காள் கேட்டாள்.

"கம்பி ரொம்ப அழகுக்கா."

அந்தச் சம்பந்தம் அத்தோடு போச்சு. தெருவில் அவனுக்குப் பேரே 'தலைப்பு' என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் 'உயரம்' என்று வந்தது. அதே வாரம்தான் தண்ணீர் நிலையத்து மேல்தொட்டி ஏணியைச் சரிசெய்யும் வேலை வெல்டருக்குக் கிடைத்தது. நடுவில் துருப்பிடித்த படிகளை அறுத்து எறிந்துவிட்டுப் புதுப் படிகளை வைத்தார். இரண்டு முனையிலும் பொட்டு வைத்த மாதிரிதான் பற்று வைத்திருந்தார். முழுசாக ஒட்டவில்லை. பூனை ஏறினால் தாங்கும், ஆள் ஏறினால் ஆண்டவன் விட்ட வழி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்டாட்டியிடம் சொன்னார். "உன் தம்பிகிட்ட சொல்லி வை. அந்த ஏணிப் பக்கமே போக வேணாம்."

"அவன் பின்னாடிதான் குளிச்சிட்டிருக்கான். வந்ததும் நீங்களே சொல்லுங்க. வாய் என்ன தேஞ்சா போயிடும்? நான் இனிமே தபால் சுமக்க மாட்டேன்."

தலைப்பு வந்து எதிரில் உட்கார்ந்தான். வெல்டர் வாயைத் திறந்தார், சோற்றை வைத்து மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் ஏணியின் அடிப்படியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். துணி சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

உச்சி வெயிலில் வெல்டிங் குச்சி தீர்ந்துபோனது. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினார். ஏணியில் துணி இல்லை. அவிழ்ந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி.

யார் செருப்பு என்று அவருக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தார். கழுத்தில் கேமரா தொங்க, தலைப்பு மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஏறும்போது எப்படியோ தாங்கிய புதுப் படிகளில் முதல் படியை மிதித்தான். டக்கென்று ஒரு முனை விட்டது. படி சாய்ந்தது. கால் காற்றில் துழாவ, கையால் தொங்கினான்.

பழக்கதோஷம், யாரை விட்டுச் சொல்லலாம் என்று கண் தேடியது. வாட்ச்மேன் எங்கேயோ கேட்டில் இருந்தான்.

"டேய்! அசையாதே!"

"மாமாவா?" என்றான் மேலேயிருந்து.

"உன் மாமாதான்டா. படியைப் பிடிக்காதே, பக்கத்துக் கம்பியைப் பிடி. காலை நடுவுல வைக்காதே. ரெண்டு ஓரத்துலயும் வை."

"கால் ஆடுது மாமா."

"கால் ஆடட்டும். கை ஆடக் கூடாது. அடுத்த படி. ஓரம்."

கீழே இறங்கியது அந்தக் கால். தாங்கியது.

"பேச்சை நிறுத்தாதீங்க மாமா. நிறுத்தினா கீழ பாக்கத் தோணுது."

என்னத்தைப் பேச? உள்ளே கிடந்ததுதான் வெளியே வந்தது. "ஏன்டா அன்னிக்கு ஒரு வார்த்தை கேக்காம எடுத்தே?"

"கேட்டா செருப்பை மறைச்சிட்டு எழுந்திருப்பீங்க."

"எழுந்திருப்பேன்தான்! நான் என்ன ஊருக்கா அழுதேன்? வலது கால். மெதுவா."

"பக்கத்துல உக்காரத்தான் வந்தேன் மாமா. என்ன சொல்றதுன்னு தெரியலை. கையில கேமரா இருந்துச்சு."

வெல்டர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பேச்சை நிறுத்த முடியாது. "கம்பியைப் பிடி," என்றார். "கம்பியைப் பிடிடா."

அவன் நின்றிருந்த படி இரண்டு முனையும் விட்டு, வெல்டரின் காதோரமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. அது இடித்ததில் கீழே இருந்த புதுப் படியும் ஒரு பக்கம் தொங்கியது. இனி அவன் காலுக்கு எட்டுகிற இடத்தில் படியே இல்லை. வெல்டர் செருப்பை உதறிவிட்டு, கீழே இருந்த பழைய படிகளில் விறுவிறுவென்று ஏறி, ஏணியோடு ஏணியாக ஒட்டிக்கொண்டார்.

"தோள்ல காலை வை."

"தாங்குவீங்களா?"

"குனிஞ்சு குனிஞ்சு மீட்டர் பாக்கிறவனுக்கு என்னடா கனம்? வை!"

வைத்தான். கனமாகத்தான் இருந்தான். வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார், இன்னொரு படி இறங்கினார். அவன் கால் பழைய படியைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விட்டார்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். தலைப்பு சிவப்புத் துணியை எடுத்துக் கையில் சுருட்டினான்.

"இது படத்துல இடிச்சுது மாமா. அவிழ்த்துட்டுத் திருப்பிக் கட்டலாம்னுதான் நினைச்சேன். மேலேருந்து எடுத்தா இன்னும் நல்லா வரும்னு தோணிச்சு."

சத்தம் கேட்டு வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். வெல்டர் அவனைப் பார்த்து, "அவனைக் கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார்.

தலைப்பு அவர் சட்டை நுனியைப் பிடித்தான்.

"மாமா, என்கிட்டயே சொல்லுங்க."