எத்தனை வருஷத்துக்குப் போடட்டும்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் பிரபாவதி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு கரும்பு லாரி வேகம் குறைகிறது. ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே பிரபாவதியின் வலது கால் பேருந்தின் தரையை ஓங்கி மிதிக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டுக் கண்டக்டர் திரும்புகிறார். "நீங்க சும்மா உக்காருங்க மேடம், அவரே நிறுத்துவாரு" என்கிறார். அந்தத் தடத்தில் ஓடும் எல்லா வண்டிக்காரர்களுக்கும் அவரைத் தெரியும்.

திண்டிவனத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் பிரபாவதி. அவரிடம் வருகிறவர்களில் பெண்களே அதிகம். அவருடைய ஓட்டுநர் பள்ளியின் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற ஆசிரியருக்கு ஒரு பிரேக். பாதி ஆயுளை அந்தப் பக்கத்து பிரேக்கின் மேல் கால் வைத்தே கழித்துவிட்டதால், அவருடைய கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஆட்டோவில் மிதிப்பார். சீரியலில் மருமகள் ஒரு மோசக்காரனை நம்பப் போகும் நேரத்தில் மிதிப்பார். கல்யாணப் பந்தியில் ரசவாளி வேகமாக வந்ததைப் பார்த்து மிதித்ததில் பக்கத்து இலைக்காரர் துள்ளி எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். நானும் அவருடைய மாணவன்தான். லைசென்ஸும் வாங்கினேன். இன்றைக்கும் பேருந்தில்தான் போகிறேன். அதற்கு அவர் பொறுப்பில்லை.

"ஓட்றது கையில இல்ல சார், கண்ணுல இருக்குது. கிட்டக்கவே பாத்துக்கினு ஓட்டுனா பள்ளத்துலதான் எறங்கும். தூரமா பாருங்க." இதுதான் அவருடைய முதல் பாடம். கடைசிப் பாடமும் இதுதான்.

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கற்றுக்கொண்ட பாஞ்சாலி இன்று சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி வருகிறார். கற்றுக்கொண்ட காலத்தில் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி அணைந்துபோய், பின்னால் வந்த அத்தனை பேரும் ஆரன் அடிக்க, ஸ்டியரிங்கின் மேல் தலை கவிழ்த்து அழுதாராம். பிரபாவதி கண்ணாடியை இறக்கிப் பின்னால் வந்தவர்களைச் சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, "வண்டி நின்னா மானம் போவாது. மறுபடி ஸ்டார்ட் பண்ணு" என்று மட்டும் சொன்னாராம். பாஞ்சாலி தன் வண்டியின் பின்புறம் எழுதி வைத்திருப்பது அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

பிரபாவதியின் தொழிலில் எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. இன்சூரன்ஸ், எஃப்.சி., லைசென்ஸ் எல்லாமே புதுப்பிக்க வேண்டியவை. தன்னுடையது மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேருடைய தேதியும் அவர் தலைக்குள் இருக்கிறது. கோயிலில் பார்த்தால்கூட, சௌக்கியமா என்று கேட்கும் முன் உங்கள் லைசென்ஸ் முடியப் போகிறது என்பார். அப்பேர்ப்பட்டவர் ஒன்றைக் கோட்டைவிட்டார்.

பள்ளிக்கு ஓர் இணையதளம் இருந்தது. மகள் அஸ்வினி கல்லூரியில் படித்த காலத்தில் அம்மாவின் பெயரிலேயே டொமைன் என்கிற இணைய முகவரியைப் பதிவு செய்து, தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தாள். பின்னாளில் அந்த மின்னஞ்சலை அவள் திறப்பதே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அங்கேயே தூங்கின. கெடு தாண்டியதும் யாரோ முகவரியை எடுத்துக்கொண்டார்கள். கிளியனூரிலிருந்து அப்பாதுரை என்பவர் மகளைச் சேர்க்கலாமா என்று செல்போனில் தளத்தைத் திறந்தால், சீட்டாட வரும்படி அழைப்பு. நேரில் வந்து போனைக் காட்டினார். "ஸ்டியரிங் புடிக்கக் கத்துக்குடுப்பீங்கன்னு பாத்தா, ரம்மி ஆட வாங்கன்னு கூப்புடுதுங்களே" என்றார்.

ஊர் சிரித்தது. பிரபாவதியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. "ரோட்டுல போலீஸ் நிறுத்தி டொமைன எடுன்னு கேட்டிருந்தா மறந்திருப்பனா? என் பேரு சார் அது. வேற எவனோ அதுல உக்காந்துக்கினு சீட்டு ஆட்றான்."

சரி, புது முகவரி வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. அதில்தான் சிக்கல். ஒரு வருஷத்துக்கும் பதியலாம், பத்து வருஷம் வரைக்கும் பதியலாம். இது வெறும் முகவரிக் கணக்காக இருந்தால் அவர் ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பார். கணவர் கோதண்டபாணி மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதும் சென்னைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அஸ்வினிக்குக் கைக்குழந்தை. விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். தாத்தாவை நம்பிக் குழந்தையை விட்டால், குழந்தை விழித்திருக்கிறது, தாத்தா தூங்கிவிடுகிறார். குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே, பள்ளியை மூடிவிட்டு வந்துவிடு என்று மகள் கேட்கும்போதெல்லாம், இன்னும் ஒரு வருஷம் என்று பிரபாவதி சொல்லி வந்தார். சொல்லிச் சொல்லியே சில வருஷங்கள் ஓடிவிட்டன.

"ஒரு வருஷம் போட்டா மறுபடியும் மறந்து தொலைப்பேன். பத்து போட்டா வர மாட்டேன்னு எழுதிக் குடுத்த மாதிரி. பேஜாரா இருக்குது சார்." எதற்கும் தயங்காதவர் இதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்வினியே கிளம்பி வந்தாள். புதுத் தளத்துக்கு நாலு வரி எழுதித் தரும்படி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி அலுவலகத்து மேசையில் அஸ்வினி மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். பிரபாவதி, காரில் உட்காருவது போலவே, அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்தார். "பதினெட்டு வயசுல இவங்ககிட்ட கத்துக்கிட்டேன். ஒரு தடவகூட நானா பிரேக் போட்டதில்ல, எனக்கு முந்தி அம்மா கால் போட்டுடும்" என்று அஸ்வினி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

திரையில் ஒன்று என்று காட்டியது. பக்கத்தில் கூட்டல் குறி. ஒன்றே போதும், வருஷா வருஷம் கார்டிலிருந்து பணம் தானாகப் போகும்படி செய்துவிடலாம் என்றாள் மகள். அந்தக் கார்டுக்கும் ஒரு தேதி போட்டிருக்கிறது, பார் என்றார் தாய். நான் என் நாலு வரியைத் திருத்துவது போலக் குனிந்துகொண்டேன்.

"அஸ்வினி, நான் வந்து போய்க்கினு இருப்பேன். கொழந்தைக்கு ஒண்ணுன்னா ஓடியாருவேன். ஆனா அங்கியே வந்து இருக்க மாட்டேன். வருஷா வருஷம் உங்கிட்ட பொய் சொல்லிக்கினு இருக்கறது எனக்கே நல்லால்ல."

அஸ்வினியின் கண் கலங்கியது. திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், "தெரியும்மா" என்றாள். "குழந்தைங்க காப்பகத்துல போன வாரமே கேட்டு வெச்சிட்டேன். நீ வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எத்தனை வருஷத்துக்குப் போடட்டும்?"

"நீதான ஓட்ற. தூரமா பாத்துப் போடு."

அஸ்வினி கூட்டல் குறியை அழுத்தினாள். இரண்டு, மூன்று. தொகை ஏறிக்கொண்டே போனது. ஐந்தில் அவள் விரல் நின்றது. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, நானும் அதே செருப்புச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. ஆறு, ஏழு என்று மறுபடி போய், பத்தில் கூட்டல் குறி மங்கி நின்றது. நான் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். அங்கே செருப்புகள் மட்டும் கிடந்தன. பிரபாவதி இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டிருந்தார்.